மழைத் தண்ணீரை மண் எவ்வளவு வேகமாகக் குடிக்கும்? அளப்பது எப்படி? ஏன் அளக்க வேண்டும்?

அரை மணி நேர மழைதான். திருவான்மியூரில் கடற்கரையை ஒட்டிய ஒரு காலி மனையில் மழை விட்ட கொஞ்ச நேரத்திலேயே தண்ணீர் காணாமல் போயிருக்கும். அதே மழை மேற்கு மாம்பலத்தில் பெய்தால்? வாசலில் கணுக்கால் அளவுத் தண்ணீர். மறுநாள் காலை பைக்கை எடுக்கலாமா, ஆபீஸுக்கு வொர்க் ஃப்ரம் ஹோம் கேட்கலாமா என்று யோசிக்க வேண்டியிருக்கும்.

வடிகால் சரியில்லை, தாழ்வான பகுதி, ஆக்கிரமிப்பு என்று நாம் சொல்லும் காரணங்கள் எல்லாமே உண்மைதான். ஆனால், அவ்வளவாகப் பேசப்படாத ஒரு காரணம் நம் காலுக்குக் கீழேயே இருக்கிறது. மண். சென்னையில் திருவான்மியூர், கொட்டிவாக்கம், சாந்தோம் போன்ற கடலோரப் பகுதிகள் மணற்பாங்கானவை. தி.நகர், மேற்கு மாம்பலம், அண்ணா நகர், பெரம்பூர் பக்கம் களிமண். கிண்டி, ஆதம்பாக்கம் பக்கம் பாறை. மூன்றும் தண்ணீரைக் குடிக்கும் வேகம் வேறு வேறு.

அந்த வேகத்துக்கு ஓர் எண் உண்டு. அதை அளக்கவும் முடியும். செலவும் அதிகமில்லை. ஆனால், மழைநீர் சேகரிப்புக் குழி தோண்டும்போது அந்த எண்ணைக் கேட்பவர்கள் எத்தனை பேர்? அது என்ன எண், எப்படி அளக்கிறார்கள், உங்கள் வீட்டுக்கு அது எதற்கு? பார்க்கலாம்.

ஒரு மணி நேரத்துக்கு எத்தனை மி.மீ.?

மழையை நாம் மில்லிமீட்டரில் சொல்கிறோம். மண் தண்ணீரை உள்ளே இழுக்கும் வேகத்தையும் அதே கணக்கில், ஒரு மணி நேரத்துக்கு எத்தனை மி.மீ. என்று சொல்கிறார்கள். இதற்குப் பெயர் ஊடுருவல் வேகம்.

சிம்பிளா சொன்னா: மண்ணின் மேல் 20 மி.மீ. உயரத்துக்குத் தண்ணீர் நிற்கிறது, அது ஒரு மணி நேரத்தில் முழுவதும் உள்ளே போய்விட்டது என்றால், அந்த மண்ணின் ஊடுருவல் வேகம் மணிக்கு 20 மி.மீ.

ஐ.நா.வின் உணவு, வேளாண் அமைப்பு தன் பாசனக் கையேட்டில் தரும் பொதுவான அளவுகள் இவை:

- மணல்: மணிக்கு 30 மி.மீ.-க்கு மேல்
- மணல் கலந்த வண்டல்: 20 முதல் 30 மி.மீ.
- வண்டல்: 10 முதல் 20 மி.மீ.
- களி கலந்த வண்டல்: 5 முதல் 10 மி.மீ.
- களிமண்: 1 முதல் 5 மி.மீ.

இப்போது இதை ஒரு வீட்டு மனையில் பொருத்திப் பார்க்கலாம். ஒரு கிரவுண்டு என்பது 2,400 சதுர அடி, அதாவது சுமார் 223 சதுர மீட்டர். அதில் 1 மி.மீ. மழை பெய்தால் 223 லிட்டர். ஒரு மணி நேரத்தில் 30 மி.மீ. பெய்தால் சுமார் 6,700 லிட்டர். கோடையில் நாம் காத்துக்கிடந்து வாங்குகிற 6,000 லிட்டர் தண்ணீர் லாரியைவிட அதிகம்!

மனை முழுக்கத் திறந்த மண்ணாக இருந்து, அது மணிக்கு 10 மி.மீ. குடிக்கும் என்றால், சுமார் 2,200 லிட்டர் உள்ளே போகும். மீதி 4,500 லிட்டர் தெருவுக்கு வரும். மனை முழுவதும் சிமென்ட் போட்டிருந்தால்? 6,700 லிட்டரும் தெருவுக்குத்தான். உங்கள் தெருவில் எத்தனை வீடு என்று எண்ணிப் பெருக்கிக்கொள்ளுங்கள்.

தண்ணீர் உள்ளே போவது எப்படி?

மண்ணுக்குள் தண்ணீரை இழுப்பவை இரண்டு விசைகள். ஒன்று புவியீர்ப்பு. அது கீழே மட்டும் இழுக்கும். இன்னொன்று, நுண்துளைகளின் உறிஞ்சு விசை. விளக்குத் திரியில் எண்ணெய் மேலே ஏறுகிறதே, அதே சங்கதிதான். காய்ந்த மண்ணில் இந்த விசை மிகப் பலமாக இருக்கும். கீழே, பக்கவாட்டில், மேலே என எல்லாத் திசையிலும் இழுக்கும்.

அதனால்தான் முதல் சில நிமிடங்களில் காய்ந்த மண் தண்ணீரை மடமடவென்று குடிக்கும். மேலடுக்கு நனைய நனைய இழுவை குறையும், வேகமும் குறையும். கடைசியில் ஒரு நிலையான வேகத்துக்கு வந்து நிற்கும். அந்தக் கடைசி எண்தான் முக்கியம். தொடர்மழையில் மண் தருவது அந்த வேகத்தை மட்டும்தான்.

1911-லேயே கிரீன், ஆம்ப்ட் என்ற இருவர் இந்த ஓட்டத்துக்கு ஒரு சமன்பாடு எழுதினார்கள். 1933-ல் அமெரிக்க நீரியல் அறிஞர் ராபர்ட் ஹார்ட்டன், மழையின் வேகம் மண்ணின் ஊடுருவல் வேகத்தைத் தாண்டும்போது மிஞ்சுவதுதான் மேலே ஓடுகிறது என்று விளக்கினார். 1957-ல் ஆஸ்திரேலியாவின் ஜான் ஃபிலிப் இதற்கு நல்ல கணித வடிவம் கொடுத்தார். அவர் கணக்குப்படி, ஆரம்ப கட்டத்தில் உள்ளே போகும் தண்ணீரின் அளவு நேரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. அதாவது, இரண்டு மடங்கு தண்ணீர் உள்ளே போக நான்கு மடங்கு நேரம் ஆகும்.

களிமண் ஏன் இவ்வளவு மந்தம்? களிமண்ணில் இடைவெளியே கிடையாது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் மொத்த இடைவெளியைப் பார்த்தால், களிமண்ணில் பொதுவாக மணலைவிட அதிகம்தான் இருக்கும். ஆனால், ஒவ்வொரு துளையும் மிகச் சிறியது. ஒரு குழாயின் ஆரம் பத்து மடங்கு பெரிதானால், அதில் ஓடும் நீர் பத்தாயிரம் மடங்கு கூடும் என்பது இயற்பியல். அதையே திருப்பிப் பாருங்கள். துளை சின்னதாகச் சின்னதாக ஓட்டம் படுவேகமாகக் குறையும்.

இதை உங்கள் வீட்டு ஃபில்டரிலேயே பார்க்கலாம். காபித் தூள் கொஞ்சம் கொரகொரப்பாக இருந்தால் டிகாக்ஷன் சீக்கிரம் இறங்கிவிடும். தூள் நைஸாக இருந்து, அதையும் அழுத்தி வைத்துவிட்டால்? சொட்டுச் சொட்டாகத்தான். தூளும் தண்ணீரும் அதே அளவுதான், மாறியது துளைதான்.

சரி, எப்படி அளக்கிறாங்க?

உலகம் முழுக்க அதிகம் பயன்படும் கருவி இரட்டை வளைய இன்ஃபில்ட்ரோமீட்டர். பெயர்தான் பெரிது. கருவி என்னவோ, அடியும் மூடியும் இல்லாத இரண்டு இரும்பு வளையங்கள். உள் வளையம் 30 செ.மீ. விட்டம், வெளி வளையம் 60 செ.மீ. விட்டம் என்பது வழக்கமான அளவு.

- இரண்டு வளையங்களையும் ஒன்றுக்குள் ஒன்றாக வைத்து, மேலே மரக்கட்டை போட்டுத் தட்டி, மண்ணில் சில செ.மீ. ஆழத்துக்கு இறக்குவார்கள்.
- இரண்டிலும் ஒரே உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள்.
- உள் வளையத்தில் மட்டும் ஒரு ஸ்கேல் இருக்கும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தண்ணீர் எவ்வளவு இறங்கியது என்று குறிப்பார்கள்.
- இறங்கிய அளவுக்கு மீண்டும் ஊற்றி, இறங்கும் வேகம் மாறாமல் நிலைக்கும் வரை தொடர்வார்கள். மணலில் ஒரு மணி நேரத்தில் முடியலாம். களிமண்ணில் அரை நாள் போய்விடும்.

வெளி வளையம் எதற்கு? அதில் அளவே எடுக்கவில்லையே என்று தோன்றும். ஒற்றை வளையத்தில் தண்ணீர் ஊற்றினால், அது கீழே மட்டும் போகாது. பக்கத்தில் காய்ந்த மண் இருப்பதால் அந்தப் பக்கமும் பரவும். அப்போது நிஜத்தைவிட அதிக வேகம் காட்டும். வெளி வளையத்துத் தண்ணீர் சுற்றியுள்ள மண்ணை நனைத்து வைப்பதால், உள் வளையத்துத் தண்ணீர் பெரும்பாலும் நேராகக் கீழே இறங்கும். வெளி வளையம் ஒரு பாடிகார்டு மாதிரி.

ஓர் உதாரணக் கணக்கு. முதல் ஐந்து நிமிடத்தில் 15 மி.மீ. இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 180 மி.மீ. அரை மணி நேரம் ஆனபோது ஐந்து நிமிடத்துக்கு 5 மி.மீ.; மணிக்கு 60. ஒன்றரை மணி நேரம் கழித்து ஐந்து நிமிடத்துக்கு 2 மி.மீ.; மணிக்கு 24. இரண்டு மணி நேரத்திலும் அதே 24. இனி மாறாது. இந்த மண்ணின் எண் 24. முதல் ஐந்து நிமிடத்தோடு பெட்டியைக் கட்டியிருந்தால் 180 என்று எழுதிவிட்டுப் போயிருப்போம். ஏழு மடங்குக்கு மேல் தப்பு.

ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருப்பது சலிப்பான வேலை. அதற்கும் ஒரு வழி உண்டு. வீட்டில் கேன் தண்ணீரை டிஸ்பென்சரில் கவிழ்த்து வைக்கிறோம். கீழே தண்ணீர் குறைந்தால்தான் குளுக் குளுக் என்று குமிழ் போய், அந்த அளவுக்கு மட்டும் தண்ணீர் இறங்கும். மட்டம் எப்போதும் ஒன்றாகவே இருக்கும். ஆய்வாளர்கள் வளையத்தின் மேல் கிட்டத்தட்ட இதே தத்துவத்தில் ஒரு பாட்டிலைப் பொருத்துகிறார்கள். மாரியாட் பாட்டில் என்று பெயர். பாட்டிலில் எவ்வளவு குறைந்தது என்று பார்த்தால் போதும்.

மேலே தெரியுது, உள்ளே என்ன நடக்குது?

வளையம் சொல்வது மேல்மட்டக் கதை. தண்ணீர் எவ்வளவு ஆழம் போனது, எங்கே நின்றது என்பதை அறிய வேறு கருவிகள் வேண்டும். விவசாயத்தில் இதுதான் காசு. வேரைத் தாண்டிக் கீழே போன தண்ணீர் தனியாகப் போவதில்லை, போட்ட யூரியாவையும் கரைத்துக்கொண்டு போகிறது.

எடை போடுவது: மிகப் பழைய, இன்றும் நம்பகமான முறை. மண்ணை எடுத்து எடை போட்டு, 105 டிகிரி செல்சியஸில் ஒரு நாள் காயவைத்து, மறுபடி எடை போட வேண்டும். குறைந்த எடைதான் தண்ணீர். மற்ற எல்லாக் கருவிகளையும் சரிபார்க்க இதைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஒரே குறை, ஒவ்வொரு முறையும் தோண்ட வேண்டும்.

டென்சியோமீட்டர்: நுனியில் நுண்துளைப் பீங்கான் கிண்ணம் உள்ள, தண்ணீர் நிரப்பிய குழாய். மேலே ஒரு மீட்டர். மண் காய்ந்தால் கிண்ணம் வழியாகத் தண்ணீரை வெளியே இழுக்கும். மீட்டர் முள் ஏறும். மழையோ பாசனமோ அந்த ஆழத்தை எட்டியதும் முள் இறங்கும். மண்ணில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதைவிட, அதை எடுக்க வேர் எவ்வளவு கஷ்டப்பட வேண்டும் என்பதையே இது சொல்கிறது. மிகவும் காய்ந்த மண்ணில் உள்ளே காற்று புகுந்து இது வேலை செய்யாது.

மின்அலை சென்சார்கள்: டி.டி.ஆர். என்ற முறையில், மண்ணில் குத்திய எஃகுக் கம்பிகள் வழியே ஒரு மின்துடிப்பை அனுப்பி, அது திரும்பிவர எத்தனை நானோ நொடி ஆகிறது என்று பார்ப்பார்கள். மின்கடவாத் திறன் என்ற பண்பு தண்ணீருக்குச் சுமார் 80, காய்ந்த மண் துகள்களுக்கு 3 முதல் 5, காற்றுக்கு 1. ஆக, ஈரம் கூடக் கூடத் துடிப்பு தாமதமாகும். ஆர்டுயினோவில் மாட்டி மொட்டை மாடித் தோட்டத்தில் வைக்கிற விலை குறைந்த சென்சார்களும் தண்ணீரின் இதே பண்பைத்தான் பயன்படுத்துகின்றன. ஆனால், உங்கள் மண்ணை எடை போட்டுச் சரிபார்க்காமல் அது காட்டும் சதவீதத்தை அப்படியே நம்ப வேண்டாம்.

புதைத்து வைக்கும் புனல்: ஆஸ்திரேலியாவில் விவசாயிகளுக்காக உருவான எளிய கருவி ஒன்று இருக்கிறது. வேர் ஆழத்தில் ஒரு புனலைப் புதைத்துவிடுவார்கள். ஈரமுனை, அதாவது நனைந்த மண்ணுக்கும் காய்ந்த மண்ணுக்கும் இடையிலான எல்லை, அங்கே வந்து சேர்ந்ததும் புனலில் தண்ணீர் சேர்ந்து மேலே ஒரு மிதவை எழும்பும். மிதவை எழுந்தால் வேர் ஆழம் வரை நனைந்துவிட்டது, மோட்டாரை நிறுத்தலாம் என்று அர்த்தம்.

விண்ணிலிருந்தும் பார்க்கிறார்கள். 2015-ல் நாசா ஏவிய ஸ்மாப் செயற்கைக்கோள் பூமியின் மண் ஈரத்தை வரைபடமாகத் தருகிறது. ஆனால், அது காண்பது மேல் 5 செ.மீ. வரைதான். உங்கள் தெருவைத் தனியாகக் காட்டும் அளவுக்கு நுணுக்கமும் அதில் கிடையாது.

30 செ.மீ. சென்சாருக்கு முன்னால் 60 செ.மீ. நனைந்தால்?

பொதுவாக 10, 30, 60 செ.மீ. ஆழங்களில் சென்சார்களை வைப்பார்கள். மழை பெய்ததும் முதலில் 10, பிறகு 30, கடைசியில் 60 என்று வரிசையாக நனைய வேண்டும். ஒவ்வொன்றுக்கும் இடையிலான நேரம்தான் ஈரமுனையின் வேகம்.

ஆனால், சில நேரம் 60 முதலில் நனைந்துவிடும். 30 காய்ந்தே கிடக்கும். சென்சார் ரிப்பேர் என்று நினைக்க வேண்டாம். தண்ணீர் ஷார்ட்கட் எடுத்திருக்கிறது.

மண்புழு வளை, மக்கிப்போன வேர் விட்டுச் சென்ற ஓட்டை, கோடையில் கரிசல் மண்ணில் விழும் பிளவு. இவை வழியாகத் தண்ணீர் நடுவில் உள்ள மண்ணைத் தொடாமலே கீழே போய்விடும். இதைக் கண்ணால் பார்க்க ஆய்வாளர்கள் பிரில்லியன்ட் ப்ளூ என்ற நீலச் சாயத்தைத் தண்ணீரில் கலந்து ஊற்றுகிறார்கள். மிட்டாய், ஐஸ்கிரீமில் சேர்க்கிற அதே உணவு நிறமிதான். மறுநாள் அந்த இடத்தைச் செங்குத்தாக வெட்டிப் பார்த்தால், நீலம் சமமாகப் பரவியிருக்காது. விரல் விரலாக, நரம்பு நரம்பாக இறங்கியிருக்கும்.

கரிசல் மண் இதில் தனி ரகம். கோடையில் கைவிட்டால் முழங்கை வரை போகிற பிளவுகள். முதல் மழை மொத்தமும் அதற்குள் இறங்கிவிடும். பிறகு மண் உப்பிப் பிளவுகள் மூடிக்கொள்ளும். அப்புறம் அதே நிலத்தில் தண்ணீர் குட்டையாக நிற்கும். மே மாதம் அளந்த எண்ணும் நவம்பரில் அளந்த எண்ணும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல் இருக்கும்.

விவசாயிக்கு ஏற்கெனவே தெரிந்ததுதான்!

மண்ணின் இந்த எண்ணை மாற்ற முடியும் என்பது நம் விவசாயிகளுக்குப் புதிய செய்தி கிடையாது. கோடை உழவு எதற்கு? இறுகிய மேல்மண்ணை உடைத்துவிட்டால், அடுத்து வரும் மழை ஓடாமல் உள்ளே இறங்கும். அதாவது, எண்ணை ஏற்றுகிறார்கள்.

நெல் வயலில் இதற்கு நேர் எதிர். சேற்றுழவு செய்து, மண் துளைகளை வேண்டுமென்றே உடைத்து, அடியில் ஓர் இறுகிய அடுக்கை உருவாக்குகிறார்கள். தண்ணீர் நிற்க வேண்டும் என்பதற்காக எண்ணை இறக்குகிறார்கள்.

நகரத்தில் நாம் செய்வது மூன்றாவது வகை. எண்ணைப் பற்றி யோசிக்காமலே இறக்கிவிடுகிறோம். கார் நிறுத்தி நிறுத்தி இறுகிய மண், கட்டட வேலையில் லாரி ஏறிய மண், மனையை மேடாக்கக் கொட்டிய கட்டட இடிபாடு, மூடி போடாமல் விட்ட மண்ணில் மழைத்துளி அடித்து உண்டாகும் மெல்லிய ஓடு. எல்லாமே ஊடுருவலைக் குறைப்பவை. வரைபடத்தில் மணற்பாங்கான பகுதி என்று போட்டிருந்தாலும், உங்கள் மனையின் மேல் இரண்டடி வேறு எங்கிருந்தோ வந்த மண்ணாக இருக்கலாம். அளந்தால்தான் தெரியும்.

2015-ம் 2019-ம் சொன்னது என்ன?

2015 நவம்பரில் மட்டும் சென்னையில் 1,000 மி.மீ.-க்கு மேல் மழை. டிசம்பர் 2 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ., நுங்கம்பாக்கத்தில் 29 செ.மீ.

தாம்பரத்தின் 490 மி.மீ.-ஐ 24 மணி நேரத்துக்குச் சமமாகப் பிரித்தால் மணிக்குச் சுமார் 20 மி.மீ. வருகிறது. மேலே உள்ள பட்டியலைப் பாருங்கள். நல்ல மணல் கலந்த மண் இந்த வேகத்தைக் காகிதத்தில் சமாளித்துவிடும். நிஜத்தில் ஏன் முடியவில்லை? மழை சமமாகப் பெய்யாது என்பது ஒன்று. முக்கியமாக, ஒரு மாதமாகப் பெய்த மழையில் மண்ணின் துளைகள் ஏற்கெனவே நிரம்பிக் கிடந்தன. நிரம்பிய ஸ்பாஞ்சில் ஊற்றினால் வழியத்தானே செய்யும்?

ஆக, தண்ணீர் மேலே நிற்க இரண்டு காரணங்கள் உண்டு. மண் குடிக்கும் வேகத்தைவிட மழை வேகமாகப் பெய்வது ஒன்று. மண்ணில் இடமே இல்லாமல் போவது இன்னொன்று. முதலாவதற்குத் திறந்த மண்ணும் நல்ல குழியும் உதவும். இரண்டாவதற்கு ஏரி, சதுப்பு நிலம், வடிகால்தான் வழி. எல்லா வெள்ளத்தையும் மழைநீர்க் குழி தடுத்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

நாலே வருடத்தில், 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் கிட்டத்தட்ட வறண்டன. தெருத் தெருவாகக் குடங்கள். ஆண்டுக்குச் சராசரியாகச் சுமார் 1,400 மி.மீ. மழை பெய்கிற ஊர் இது. வந்த தண்ணீரில் எவ்வளவு மண்ணுக்குள் போகிறது, எவ்வளவு கடலுக்குப் போகிறது என்பதில்தான் அடுத்த மே மாதம் உங்கள் போர்வெல்லில் தண்ணீர் வருமா என்பதும் அடங்கியிருக்கிறது.

ஒரே குழி, இரண்டு தலைவிதி

2003-ல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. நாட்டுக்கே முன்னுதாரணம். ஆனால், ஒரே மாதிரிக் குழி எல்லா மண்ணுக்கும் பொருந்தாது. ஏன் என்று ஒரு சின்னக் கணக்கில் பார்க்கலாம்.

1,000 சதுர அடி மொட்டை மாடியில் 30 மி.மீ. மழை பெய்தால் சுமார் 2,800 லிட்டர். உறை இறக்கிய குழி 1 மீட்டர் விட்டம், 3 மீட்டர் ஆழம் என்றால் கொள்ளளவு சுமார் 2,350 லிட்டர். ஒரே மழையில் நிரம்பிவிடும். கேள்வி, அது எப்போது காலியாகும்?

- அடியில் மணிக்கு 200 மி.மீ. இழுக்கும் மணல் இருந்தால்: மணிக்கு 157 லிட்டர். 15 மணி நேரத்தில் குழி காலி. மறுநாள் மழைக்கு ரெடி.
- அடியில் மணிக்கு 5 மி.மீ. இழுக்கும் களிமண் இருந்தால்: மணிக்கு 4 லிட்டர். காலியாக 24 நாளுக்கு மேல்.

இது அடிப்பரப்பை மட்டும் வைத்துப் போட்ட எளிய கணக்கு. குழியில் நிற்கும் தண்ணீரின் அழுத்தத்தையும் உறையில் உள்ள துளைகளையும் சேர்த்தால் இரண்டுமே இதைவிடச் சீக்கிரம் வடியும். ஆனால், இரண்டுக்கும் உள்ள 40 மடங்கு வித்தியாசம் பெரிதாக மாறாது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் 24 நாள் நிரம்பியே இருக்கிற குழி, பெயருக்குத்தான் சேகரிப்பு. கூடவே கொசுத்தொல்லை இலவசம்.

தீர்வு? பல இடங்களில் மேலே களிமண் இருந்தாலும், இன்னும் சில அடி கீழே மணல் அடுக்கு இருக்கும். களிமண்ணைத் தாண்டி அந்த மணல் வரை குழியை இறக்கினால் கதையே மாறிவிடும். அந்த அடுக்கு எங்கே இருக்கிறது என்பதைத் தோண்டும்போது பார்த்து, அங்கே அளந்துதான் சொல்ல முடியும்.

வீட்டிலேயே அளந்து பார்க்கலாமா?

தோராயமாகப் பார்க்கலாம். தேவை: 15 செ.மீ. உள்விட்டமுள்ள பி.வி.சி. குழாய்த் துண்டு, அரை லிட்டர் அளவு ஜாடி, ஒரு பிளாஸ்டிக் கவர், போன் ஸ்டாப்வாட்ச்.

1. புல், சருகை நீக்கிவிட்டுக் குழாயை மண்ணில் 5 முதல் 7 செ.மீ. வரை தட்டி இறக்குங்கள். ஓரத்தில் இடைவெளி விடக் கூடாது. விரலால் மண்ணை அழுத்திவிடுங்கள்.
2. உள்ளே கவரை விரித்து, அதன்மேல் 440 மில்லி தண்ணீர் ஊற்றுங்கள். இந்த விட்டத்துக்கு அது 25 மி.மீ. உயரம்.
3. கவரை மெதுவாக உருவிவிட்டு ஸ்டாப்வாட்சை ஓடவிடுங்கள். தண்ணீர் முழுக்க உள்ளே போய், மண் பளபளப்பதோடு நிறுத்துங்கள்.
4. உடனே இன்னொரு 440 மில்லி ஊற்றி மறுபடி அளங்கள். பிறகு மூன்றாவது முறையும். கடைசி நேரம்தான் கணக்குக்கு.

25 மி.மீ. இறங்க 15 நிமிடம் ஆனால் மணிக்கு 100 மி.மீ. இரண்டு மணி நேரம் ஆனால் மணிக்கு 12.5 மி.மீ. ஒற்றை வளையம் என்பதால் நிஜத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகவே காட்டும் என்பதை மறக்க வேண்டாம்.

ஓர் இடத்தோடு நிறுத்தவும் கூடாது. ஒரே தோட்டத்தில் இரண்டடி தள்ளினாலே பத்து மடங்கு வித்தியாசம்கூட வரலாம். ஐந்து இடத்தில் 8, 10, 12, 9, 150 என்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். சராசரி போட்டால் சுமார் 38. ஆனால், அந்த 150-ன் கீழே ஒரு மண்புழு வளை இருந்திருக்கலாம். எண்களை வரிசைப்படுத்தி நடுவில் வருவதை எடுங்கள்: 10. உங்கள் மண்ணின் குணம் அதுதான்.

குழிக்காக அளப்பதாக இருந்தால் மேல்மண்ணை அளந்து பயனில்லை. குழியின் அடி எந்த ஆழத்தில் வரப்போகிறதோ அங்கே அளக்க வேண்டும். ஆழக் குழியில் நீங்களே இறங்காதீர்கள். மண் சரியும் ஆபத்து உண்டு. தோண்டுபவரிடம், குழிக்குள் தண்ணீர் ஊற்றி ஊறவிட்டு, மறுபடி நிரப்பி, மணிக்கு எத்தனை செ.மீ. இறங்குகிறது என்று மேலிருந்தே ஒரு கம்பால் அளந்து தரச் சொல்லலாம்.

அபார்ட்மென்ட் மீட்டிங்கில் கேட்க நாலு கேள்வி

- நம் குழி எந்த ஆழம் வரை போகிறது? அடியில் களிமண்ணா, மணலா, பாறையா?
- நிரம்பிய குழி காலியாக எத்தனை மணி நேரம் ஆகிறது? யாராவது அளந்து பார்த்தார்களா?
- கடைசியாக எப்போது தூர் வாரினோம்? மாடியிலிருந்து வரும் தூசியும் இலையும் அடியில் படிந்தால், மணலும் களிமண் மாதிரி ஆகிவிடும்.
- குழிக்கு வருவது மாடித் தண்ணீர் மட்டும்தானா? தெருத் தண்ணீரோ கழிவுநீரோ கலந்தால், அதுவும் அதே வேகத்தில்தான் நிலத்தடிக்குப் போகும்.

இந்தச் சோதனையைச் செய்ய நல்ல நேரம் செப்டம்பர். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் தூர் வாரவும் முடியாது, ஆளும் கிடைக்காது. வீட்டு வாடகை, இ.எம்.ஐ., இன்டர்நெட் ஸ்பீடு எல்லாம் நமக்கு மனப்பாடம். காலுக்குக் கீழே இருக்கிற மண்ணின் ஸ்பீடு எவ்வளவு என்று இந்த வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அளந்து வைத்துக்கொள்ளுங்கள். சில லிட்டர் தண்ணீர்தான் செலவு.